அழுகை நான்கே

அன்புள்ள ஐயா,

ஐ.டி.யில் வேலை. வார இறுதிகளில் நாடகப் பயிற்சிக்குப் போகிறேன். அழும் காட்சி ஒன்றுக்காக, போன வருடம் இறந்த என் அப்பாவின் கடைசி நாளை நினைத்துக்கொள்ளச் சொன்னார் பயிற்சியாளர். முதலில் நன்றாக அழுதேன், எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது கண்ணீர் வருவதில்லை. வீட்டில் அப்பா படத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. என் உணர்ச்சி பொய்யா? தியானம் உதவுமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரம் நடிக்க வரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் துக்கம் பொய்யில்லை. சனி ஞாயிறு தவறாமல் அதை வேலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அசந்துவிட்டது. கொஞ்ச நாள் சும்மா விடுங்கள், அப்பா வருவார். தியானம் பற்றி எனக்குத் தெரியாது. நேரத்துக்குத் தூங்குங்கள்.

சொந்த நினைவைக் கிளறி நடிப்பது என்று உங்கள் பயிற்சியாளர் பிடித்திருப்பது, ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் ஆரம்பகாலப் பாடம். பாத்திரம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்று அவரே பிற்பாடு வந்து சேர்ந்தார். 1934இல் பாரிஸில் அவரைப் பார்த்துவிட்டு நியூயார்க் திரும்பிய நடிகை ஸ்டெல்லா ஆட்லர் இதைச் சொன்னபோது, அவர் குழுவின் இயக்குநர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஒப்புக்கொள்ளவில்லை. நம்மூர்ப் பட்டறைகள் பலவற்றுக்கு அந்தச் சண்டையில் ஸ்ட்ராஸ்பெர்க்கின் பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, உங்கள் மேல் எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடம்பில் தெரிவதைப் பேசும் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுவது, இழந்து அழுவது, இருந்த நிலை கெட்டு அழுவது, இல்லாமையால் அழுவது. உங்கள் காட்சி இதில் எது? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நாடகம் எது, அழுகிறவன் யார், எதற்கு அழுகிறான், எதிரே நிற்பது யார், ஒரு வரி இல்லை. அப்பா மட்டும் இருக்கிறார். கடன்காரன் முன்னால் கூனி நிற்கிறவன் வேடத்துக்கு, தகப்பனை இழந்த பிள்ளையின் கண்ணீரைக் கொண்டுவந்தால் பார்க்கிறவனுக்குத் தெரியாதா? பாராட்டியவர்கள் உங்களுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். பாத்திரத்தை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை.

செய்யாறு பக்கம் ஓர் ஊரில் கர்ண மோட்சம் கூத்து பார்த்தேன். விடியப்போகும் நேரம். கர்ணன் மனைவி பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். போருக்குக் கிளம்பும் கர்ணனை மறித்து அவர் பாடப் பாட, எனக்கு முன்னால் இருந்த கிழவிகள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு குழந்தை தூக்கத்தில் உருண்டு ஆடுகிற இடத்துக்கே வந்துவிட்டது. கர்ணன் சுற்றி வருகிறார், காலில் சலங்கை. பொன்னுருவி பாட்டை விடாமல் குனிந்தார், குழந்தையை இரண்டு கையாலும் வாரி முன்வரிசைக் கிழவி மடியில் போட்டார், நிமிர்ந்து அடுத்த அடியைத் தாளத்தில் எடுத்தார். மிருதங்கம் நிற்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்ட கிழவியும் அழுகையை நிறுத்தவில்லை.

அந்த மனுஷர் தன் வீட்டுச் சாவு எதையாவது நினைத்துக்கொண்டு நின்றிருந்தால் குழந்தை மிதிபட்டிருக்கும். தியானம் என்று நீங்கள் கேட்டது இதைத்தானோ என்னவோ.

அடுத்த ஒத்திகையில், எதிரே நிற்பவர் எந்தப் பொத்தானைப் போட மறந்திருக்கிறார் என்று பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் வசனத்தைச் சொல்லுங்கள்.

வேலையை விடாதீர்கள். நாடகத்தில் வாடகை கட்ட முடியாது. காட்சி என்னவென்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.