ஸ்டேபிளுக்குப் போகுமா? லினக்ஸ் கெர்னல் பேக்போர்ட் கேள்வி-பதில்

புதியவர்களுக்கு: மாற்றங்கள் (பேட்ச்; சேர்ந்தபின் கமிட்) முதலில் சேரும் முதன்மை கெர்னல் மெயின்லைன். 6.6, 6.1 போல ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்களைச் சேர்க்கும் மரங்கள் (கோட் கிளைகள்) ஸ்டேபிள். மெயின்லைன் திருத்தத்தை அங்கே கொண்டுபோவது பேக்போர்ட்.

டிரைவர் கமெண்டில் எழுத்துப்பிழை திருத்தினேன். 6.6க்கு அனுப்பலாமா?

வேண்டாம். எழுத்துப்பிழை, இடைவெளித் திருத்தம் எல்லாம் மெயின்லைனோடு நிற்கட்டும்.

புது யூஎஸ்பி மோடத்தின் ஐடியைச் சேர்க்கும் ஒற்றை வரி பேட்ச். பிழையே இல்லாத இடத்தில் இதை எடுப்பார்களா?

எடுப்பார்கள். டிவைஸ் ஐடிக்கு ஸ்டேபிள் விதியிலேயே இடம் உண்டு. முதலில் மெயின்லைனில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கமிட் குறிப்பில் 'ஃபிக்ஸஸ்' வரி (பிழையைக் கொண்டுவந்த கமிட் எது என்று சொல்வது) இருக்கிறது. ஸ்டேபிள் அஞ்சல் முகவரியோடு சிசி வரியும் தனியாகப் போட வேண்டுமா?

போடுங்கள். ஃபிக்ஸஸ் வரியைப் பார்த்தே பொறுக்கி எடுப்பதும் நடக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

அதைவிட, ஃபிக்ஸஸில் எந்த கமிட்டைப் போட்டீர்கள் என்று இன்னொரு தடவை பாருங்கள். கிட் (மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) தரும் பிளேம் காட்டுவது அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரை. பிழையைக் கொண்டுவந்தவர் வேறு ஆளாக இருக்கலாம். பிழை 5.10 காலத்தது, 6.4இல் யாரோ அந்த ஃபங்ஷனை வேறு ஃபைலுக்கு நகர்த்தினார் என்று வையுங்கள். நகர்த்திய கமிட்டைப் போட்டால், 6.1க்கும் 5.15க்கும் இந்தத் திருத்தம் வேண்டாம் என்றாகிவிடும். வரி பிறந்த இடம் வரை வரலாற்றில் பின்னால் போங்கள். கமிட் எண்ணில் (ஹாஷ்) 12 எழுத்தாவது இருக்கட்டும்.

திருத்தத்தை 6.1இல் செர்ரி-பிக் செய்தேன் (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து ஒட்டினேன்). கான்ஃப்ளிக்ட் (வரிகள் மோதுவது) இல்லை, கம்பைலும் ஆனது. அனுப்பிவிடலாம்தானே?

கூடாது. மாதாமாதம் இதே கேள்வி வருகிறது. கான்ஃப்ளிக்ட் வரவில்லை என்றால், மாற்றத்துக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகள் ஒத்துப்போயின என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் திருத்தம் கூப்பிடும் ஃபங்ஷன் பழைய கெர்னலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது கிட்டுக்கு எப்படித் தெரியும்?

2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? ஓ-சிங்க் டைரக்ட் ஐஓவில் (கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கில் எழுதும் முறை) எழுதும்போது ஃபைல் அளவைச் சரியாக டிஸ்க்கில் பதிக்க, இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு திருத்தம் 6.1.64இல் வந்தது. மெயின்லைனில் அந்தத் திருத்தம் சரியானதே. ஃபைலின் எழுதும் இடத்தை எந்தக் கட்டத்தில் நகர்த்துவது என்பதை 6.5இல், ஃபைல் சிஸ்டங்கள் பகிரும் ஐஓமேப் பகுதியில் மாற்றியிருந்தார்கள், திருத்தம் அதை நம்பி எழுதப்பட்டது. 6.1இல் அந்த முன்மாற்றம் இல்லை. பேட்ச் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது, கம்பைலும் ஆனது, ஃபைல்களில் தரவு கெட்டது. டெபியன் லினக்ஸ் விநியோகத்தின் 12.3 வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்கள். 6.1.66இல் சரியானது, டிசம்பர் 10 அன்று நேராக 12.4 வந்தது. எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்) சோதனைத் தொகுப்பில் இந்தக் கோளாறு பிடிபடும். அதை ஓட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எனவே, திருத்தம் தொடும் ஃபங்ஷனையும் அது கூப்பிடுகிற ஒவ்வொன்றையும் 6.1 மரத்தில் திறந்து முழுதாகப் படியுங்கள். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் மட்டும் போதாது. 6.1க்கும் திருத்தத்துக்கும் நடுவே அந்த ஃபைல்களில் விழுந்த கமிட்களைப் பாருங்கள்: ரிட்டர்ன் மதிப்பு மாறியதா, லாக்கை எடுப்பது யார், எரர் வந்தால் மெமரியை விடுவிப்பது யார்? எரர் வந்தால் தாவிப் போகும் கோடூ லேபிள்களில் கண் வையுங்கள். பெயர் ஒன்றாகவே இருக்கும், ஆனால் புதிய மரத்தில் லாக்கை விடுவிக்கும் லேபிள் பழையதில் விடுவிக்காமல் இருக்கலாம். அடுத்து, பேட்ச் போடாத 6.1இல் பிழையை வரவழையுங்கள். அங்கே வரவே இல்லை என்றால் பேட்ச் எதற்கு? முன்மாற்றம் தேவைப்பட்டால், சிசி வரியின் கடைசியில் # குறி போட்டு, பதிப்பையும் முன்மாற்றத்தின் கமிட் எண்ணையும் எழுதுங்கள்.

திருத்தம் 140 வரி. விதியில் 100 என்கிறார்கள். சுருக்கி அனுப்பட்டுமா?

சுருக்கினால் அது வேறு பேட்ச், மெயின்லைனில் யாரும் ஓட்டிப் பார்க்காத கோட். மாற்றத்தைச் சுற்றியுள்ள சூழல் வரிகளையும் சேர்த்துத்தான் அந்த 100. உண்மையான பிழை என்றால் 140க்காகத் தள்ளிவிட மாட்டார்கள். முன்மாற்றங்களோடு அப்படியே அனுப்புங்கள்.

எங்கள் தயாரிப்பில் ஓடுவது 5.15. அதற்கு மட்டும் அனுப்பினால் போதாதா?

போதாது. 6.1, 6.6, 6.12 என்று ஆதரவில் இருக்கும் புதிய மரங்களில் பிழை இருந்தால் அங்கெல்லாம் திருத்தமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 5.15இலிருந்து மேலே போகிறவருக்குப் பழைய பிழை திரும்ப வந்து சேரும்.

"என் பேட்சை எடுக்கவில்லை, ஏன்?"

கடிதம் இவ்வளவுதான். எந்த பேட்ச், எந்தப் பதிப்பு, மெயின்லைனில் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. ஸ்டேபிள் பட்டியலுக்கும் இதே லட்சணத்தில் எழுதியிருந்தால் பதில் வராதது அதிசயமில்லை. தலைப்பு, மெயின்லைன் கமிட் எண், ஏன் வேண்டும், எந்தெந்தப் பதிப்புக்கு வேண்டும். நான்கையும் எழுதுங்கள். மெயின்லைனில் சேரவே இல்லை என்றால், மேலே மோடக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஒரு ரேஸ் (இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்டு மோதுவது) இருப்பதாகத் தோன்றுகிறது. கிராஷ் எதுவும் பார்த்ததில்லை.

எப்படித் தூண்டலாம் என்று எழுதிக் காட்ட முடிந்தால் அனுப்புங்கள். 'தோன்றுகிறது' போதாது.

நான் கேட்காமலே என் கமிட்டைப் பழைய மரத்துக்கு எடுத்துவிட்டார்கள். தடுக்க முடியுமா?

ரிவ்யூ அறிவிப்பு உங்கள் அஞ்சலுக்கு வரும், சுமார் 48 மணி நேரம் இருக்கும். அதற்குள் 'வேண்டாம்' என்று காரணத்தோடு பதில் போடுங்கள், வரிசையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அடுத்த முறை தானியங்கித் தேர்வைத் தடுக்கவே ஒரு சிசி முகவரி இருக்கிறது, கமிட்டிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள், காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.