ஊட்டியை உள்ளூர்க்காரர் போல ரசிப்பது எப்படி?

மே மாதத்தை விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நாங்களே ஊருக்குள் இறங்க மாட்டோம். எப்போது வந்தாலும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) எடுத்துவிடுங்கள்.

மலை ரயிலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லையா? சரி, குன்னூரில் ஏறுங்கள். எஞ்சின் பற்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பாதை குன்னூரோடு முடிந்துவிடும், அதற்கு மேல் டீசல் எஞ்சின்தான். ஆனாலும் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர் ஊராக நின்று போகும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைத் தோட்டங்கள் படிக்கட்டு மாதிரி இறங்குவதைப் பார்க்கலாம்.

சாக்லேட்டை விடுங்கள், எந்த ஊரிலும் கிடைக்கும். பேக்கரியில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் வாங்கி டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அப்புறம், தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் அவசியம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.