பெயர் சொல்லிப் படியுங்கள்

அன்புள்ள ஐயா,

பெருமாள்மலையில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பி போட்டிருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. தினமும் ராத்திரி புத்தகம் படித்துக் காட்டுகிறேன். ஆறு வயதுவரை நிஜத்தைச் சொல்லும் கதைகள்தான் நல்லது, பேசும் விலங்குகள் வேண்டாம் என்று ஓரிடத்தில் படித்தேன். அதனால் மாமியார் சொல்லும் நரி, காக்கா கதைகளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல். நேற்று ஒரு புத்தகத்தில் ‘செம்போத்து’ என்று வந்தது. அவளுக்குப் புரியாதென்று ‘பறவை’ என்று மாற்றிப் படித்தேன். இப்படிச் செய்யலாமா? நிஜமான, நன்றாக எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகங்களின் பட்டியல் தர முடியுமா? எத்தனை நிமிடம் படிக்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் படித்தது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருத்து. உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கொடைக்கானல். 1942 முதல் 1944 வரை அந்த அம்மையார் அங்கேதான் இருந்தார். 1939இல் பயிற்சி வகுப்பு நடத்த அடையாறுக்கு வந்தவர். அடுத்த வருஷம் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் ‘எதிரி நாட்டுக்காரர்’ ஆகிவிட்டார், ஊர் திரும்ப வழியில்லை. சின்னப் பிள்ளைக்கு முதலில் தன்னைச் சுற்றியிருக்கும் உலகம் பிடிபடட்டும், கற்பனை அதன் மேல்தான் நிற்கும் என்றார். மாமியாரின் வாயை மூடச் சொல்லவில்லை. இன்றைக்கே அவரிடம் போய்க் கதை சொல்லச் சொல்லுங்கள். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போவது நம் முற்றத்தில் நடப்பதுதானே? எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஒரு கேள்வியா? அவள் தூங்கும்வரை படியுங்கள்.

ஆனால் செம்போத்தைப் பறவையாக்கினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான்கு வயதில் எல்லாச் சொல்லும் புதுச்சொல்தான். ‘பறவை’யும் ஒரு நாள் அவளுக்குப் புதிதாக வந்ததுதான். டைனோசர் பெயர்களை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாய்க்குச் செம்போத்து மட்டும் கஷ்டமா? எனக்கு ஒரு சந்தேகம்: அது எந்தப் பறவை என்று உங்களுக்கே தெரியாதோ? தெரியாததில் குற்றமில்லை. தெரிந்துகொள்ளாமலே பக்கத்தைத் திருப்பினீர்களே, அதற்குத்தான் கோபம்.

சில வருஷம் முன்பு இந்த மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். அங்கே ஒரு படப் புத்தகத்தை எடுத்து ஆசிரியர் படித்தார். ‘காட்டெருமை’ என்று எழுதி, குளத்தில் கிடக்கிற சாம்பல் நிற எருமையை வரைந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், இது எருமை. காட்டுமாட்டுக்குக் காலுல வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்” என்றாள். ராத்திரி அவள் வீட்டு பீன்ஸ் பாத்தியில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போகிற மிருகம் அது. அவள் சொன்னதுதான் சரி, முழங்காலுக்குக் கீழே வெள்ளைதான். “புத்தகத்துல இருக்கிறதைக் கேளு, உட்காரு” என்றார் ஆசிரியர். அவள் உட்கார்ந்துவிட்டாள். கதை முடியும்வரை படத்தின் பக்கம் திரும்பவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. வரைந்தவரும் பார்க்கவில்லை, எழுதியவரும் பார்க்கவில்லை, பார்த்த பிள்ளையை உட்கார வைத்துவிட்டோம். எந்தக் காட்டைச் சொன்னாலும் சிங்கத்தை ராஜாவாக்குவதும் இதே சங்கதிதான். குஜராத்தைத் தவிர நம் நாட்டுக் காடு எதிலும் சிங்கம் கிடையாது.

என் அப்பா பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படிப்பு நான்காம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே புத்தகம், காப்பிச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றிய ஒரு கையேடு. அட்டை கிழிந்து போயிருக்கும். சிம்னி விளக்கில் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிப்பார், தனக்காகத்தான். நான் மடியில் கிடப்பேன். தண்டுத் துளைப்பான் வரும் பக்கம் எனக்கு உயிர். வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும், புழு உள்ளே புகுந்து தண்டைக் குடையும், பட்டை மேலே வரிவரியாகப் புடைக்கும், இலை மஞ்சளடிக்கும். அந்த இடம் வந்ததும் “மறுபடி” என்பேன். அவரும் மறுபடி எழுத்துக் கூட்டுவார்.

ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மஞ்சளடித்த ஒரு செடியின் தண்டில் என் விரலைப் பிடித்து வைத்துத் தடவச் சொன்னார். மேடு தட்டுப்பட்டது. செடியை வெட்டி, தண்டை அரிவாளால் பிளந்தார். உள்ளே மரத்தூள் அடைத்த வளைந்த பாதை, அது முடிகிற இடத்தில் வெள்ளைப் புழு, தலைப்பக்கம் தடித்து. ராத்திரி காதில் கேட்டது அப்படியே கண்ணெதிரே நெளிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. புத்தகத்தில் இருப்பது நிஜமாகவே இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதை எழுதியவர் யாரோ ஒரு அதிகாரி. பிள்ளைகளை மனதில் வைத்து அவர் எழுதவில்லை. ஆனால் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், ‘ஏதோ ஒரு பூச்சி’ என்று எழுதத் தெரியாதவர். பிள்ளைக்குப் புரியாதே என்று அப்பாவும் தண்டுத் துளைப்பானைப் பூச்சி என்று மாற்றிப் படிக்கவில்லை. அவருக்கு அப்படித் தோன்றியிருக்கவே இருக்காது.

சரி, பட்டியல். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா இரண்டும் தமிழில் படப் புத்தகங்கள் போடுகின்றன, அங்கே தொடங்குங்கள். வாங்கும் முன்பு கடையிலேயே நின்று ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. ‘காணப்பட்டது’, ‘அமைந்திருந்தது’ என்று வாக்கியம் இழுத்தால் வைத்துவிடுங்கள். மரம் என்று வந்தால் என்ன மரம் என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், செம்போத்து காக்கை அளவு இருக்கும். உடம்பு கறுப்பு, இறக்கை செம்பு நிறம், கண் நல்ல சிவப்பு. பறப்பதைவிடத் தரையில் நடப்பதுதான் அதிகம். ‘ஊப் ஊப்’ என்று அடித்தொண்டையில் கூப்பிடும். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு அடியில் பாருங்கள். ஒரு நாளில் கிடைக்காவிட்டால் நாலு நாள் போங்கள். பார்த்துவிட்டு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள், இந்த முறை பெயரோடு.