கைப்பைக்கு லைனிங் மாற்றலாமா?

கேள்வி: அக்கா, என்னுடைய தோல் கைப்பை வெளியே இன்னும் வடிவாகத்தான் இருக்கிறது, உள்ளேதான் பிரச்சினை. லைனிங் பிசுபிசுத்து, கறுப்பாகத் தூள் உரிந்து பேர்ஸ், போன் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. துடைத்தும் போகவில்லை. மெஷினில் உடுப்புத் தைப்பேன், பை தைத்ததில்லை. நானே மாற்றலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தாராளமாக மாற்றலாம், தங்கச்சி. துடைப்பதை விடுங்கள். அது அழுக்கில்லை, துணிமேல் பூசியிருக்கும் பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக். ஈரக்காற்றுப் பட்டுப் பட்டுச் சிதைந்து உரிகிறது, அலுமாரிக்குள் சும்மா வைத்த பைக்கும் நம் ஊர் மாரியில் இது வரும்.

பலர் பிழைவிடுவது மேல்விளிம்பில்தான். தோலையும் சிப்பையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒரே தையல். அதைப் பிரித்தால் திரும்ப மெஷினில் தைக்க வேண்டி வரும், துணி மாதிரி இல்லை, தோலில் ஊசி ஏறிய துளை மூடவே மூடாது, இரண்டு வரிசைத் துளை விழுந்தால் அந்த இடத்திலேயே கிழியும். அதனால் அந்தத் தையலைத் தொடாமல், அதற்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே லைனிங்கைச் சுற்றிவர வெட்டி எடுங்கள். (கீழே பழைய பேப்பர் விரித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளைக் கூட்டி மாளாது.) எடுத்ததன் பக்கத்தையலைப் பிரித்துத் தாளில் வைத்து வரைந்தால் அளவு கிடைத்துவிடும், மேலே வெட்டுப்பட்ட ஒரு சென்ரிமீற்றரையும் மடிப்புக்கு இன்னும் ஒன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்கு யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் புடவைக்கடையில் இறுக்கமான நெசவுள்ள பருத்தி கேளுங்கள். வெட்ட முதல் கழுவிக் காயவைத்து அயன் பண்ணுங்கள், பருத்தி சுருங்கும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், கறுப்பு லைனிங்குக்குள் திறப்பைத் தேடுவது பெரிய கரைச்சல். உள்பொக்கற் வேண்டுமென்றால் பக்கங்களை மூட்ட முதலே தைத்துவிடுங்கள். பக்கத்தையலை இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளே தள்ளித் தைத்தால் பைக்குள் சுருக்கு விழாது.

பிறகு புதியதைப் பைக்குள் இறக்கி, மேல்விளிம்பை உள்ளே மடித்து, மேலே மிஞ்சிய பழைய லைனிங் துண்டை மூடியபடி சிப்பின் நாடாவோடு இரட்டை நூலில் கையால் நெருக்கமாகத் தையுங்கள். பற்களிலிருந்து அரைச் சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சிப் துணியைக் கடிக்கும்.

கேள்வி: லைனிங்குக்குப் பழைய சாறி போடலாமா?
– வாசகி, கரவெட்டி

பதில்: நூல் சாறி என்றால் சரி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நைந்த இடம் இல்லாத பகுதியை எடுத்து இரட்டையாகப் போடுங்கள். பட்டு வேண்டாம், பழசானால் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். திறப்புப் போடும் பொக்கற்றை மட்டும் பழைய ஜீன்ஸ் துண்டில் தையுங்கள்.