15 வருடம் ஓட்டியவருக்கு ஏபிஎஸ் எதற்கு?

கேள்வி: 15 வருடமாக பைக் ஓட்டுகிறேன். பெரிய விபத்து எதுவும் நடந்ததில்லை. இப்போது புது வண்டி வாங்கப் போகிறேன். பிடித்திருக்கும் மாடல் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுபோவதை, அதாவது லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு), இன்னொன்றில் இரண்டு சக்கரத்துக்கும். "ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏபிஎஸ் எதற்கு, அது வண்டி நிற்கிற தூரத்தைத்தான் கூட்டும்" என்கிறார் நண்பர். கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிற அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஏபிஎஸ் உள்ள வண்டியையே வாங்குங்கள், முடிந்தால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை. உங்கள் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. உங்களைப் போல நிதானமாக ஓட்டி, அவசர பிரேக் பிடிக்கும் நிலைமையே அதிகம் வராமல் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் இது ரொம்பவும் உதவும் என்பது என் எண்ணம். பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்து வந்த எண்ணம் அது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் லாக் ஆகிவிடும் என்கிற எல்லை வரை முன் பிரேக்கைக் கடைசியாக எப்போது பிடித்தீர்கள்? பெரும்பாலானவர்கள் ஒருமுறைகூடப் பிடித்திருக்க மாட்டார்கள். பயம்தான் காரணம், அது நியாயமான பயம். பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியின் வால் பக்கவாட்டில் ஆடும். வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தால் பல சமயம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் லாக் ஆனால் அப்படி இல்லை. ஓடுகிற வண்டி நிமிர்ந்து நிற்பதே முன் சக்கரம் உருண்டுகொண்டும், நமக்கே தெரியாமல் லேசாக இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டும் இருப்பதால்தான். உருள்வது நின்றுவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பியும் பலன் இல்லை. யோசிக்க நேரம் கிடைப்பதற்குள் கீழே விழுந்திருப்போம்.

ஆனால் வண்டியை நிறுத்துகிற பலம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. அதனால் பலமாகப் பிடிக்கும்போது நிறுத்தும் வேலையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் பிரேக்குடையது. நம் கால் ஓடிப்போய் அழுத்துவதோ பின் பிரேக்கை.

அந்தத் தயக்கத்துக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடும். காய்ந்த நல்ல சாலையில், நல்ல டயரோடு, முன் பிரேக்கை முழுதாகப் பயன்படுத்தினால், பிரேக் விழுந்த இடத்திலிருந்து கிட்டத்தட்ட 17 மீட்டரில் நிற்கலாம். பயந்து பயந்து பாதி பலத்துக்குக் கொஞ்சம் மேலே பிடித்தால் 28 மீட்டர் ஆகும். 11 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு கார் குறுக்கே நின்றால், மோதுவது அந்த 38-ல்தான்.

இது நேற்று தெரிந்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவர் குழுவும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கியிருந்தார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. தப்பிக்க என்ன செய்வதென்றாலும் அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் 15 வருடப் பழக்கமும் நிதானமும் கைக்கு வந்து சேராது. உடம்பு தன் இஷ்டத்துக்குப் பிடிக்கும்.

ஏபிஎஸ் அங்கேதான் வேலை செய்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பல் வளையம் ஒன்று இருக்கும். அதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். வண்டியின் வேகத்துக்குப் பொருந்தாமல் சக்கரம் திடீரென்று மெதுவானால், லாக் ஆகப் போகிறது என்று அர்த்தம். உடனே பெட்டிக்குள் இருக்கும் வால்வு பிரேக் ஆயிலின் அழுத்தத்தைத் தளர்த்தும், சக்கரம் மறுபடி உருண்டதும் திரும்ப அழுத்தும். ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும். 1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 வண்டியில் முதன்முதலாக இதைக் கொடுத்தபோது அந்த அமைப்பு மட்டும் 11 கிலோ எடை. இன்று ஒரு கிலோகூட இல்லாமல் வருகிறது.

சரி, நிற்கிற தூரத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. காய்ந்த, சுத்தமான தாரில், எங்கே பிரேக் பிடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து, நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் பிடித்தால், ஏபிஎஸ் வண்டிக்குச் சமமாகவோ ஒருவேளை சற்று முன்னதாகவோ நிறுத்திவிடலாம். ஆனால் சாலையில் யாரும் சொல்லிவிட்டுக் குறுக்கே வருவதில்லை. தரையும் ஒரே மாதிரி இருக்காது. மழை விட்ட கொஞ்ச நேரத்தில், 40-க்கும் குறைவான வேகத்தில், சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் முன் சக்கரம் ஏறிய நேரத்தில் பிரேக் பிடித்து நான் விழுந்திருக்கிறேன். ஏபிஎஸ் இல்லாத வண்டி. கை பிடித்த பலம் தாருக்குச் சரியாகத்தான் இருந்தது, ஈரமான பெயிண்ட்டுக்கு அது அதிகம். அந்த இடத்தில் சரியான அளவைக் கண்டுபிடித்துப் பிடிக்க எந்த மனிதக் கைக்கும் நேரம் கிடையாது.

ஜல்லி, ஆழமான மணல், சேறு என்றால் நண்பர் சொல்வதுதான் சரி. லாக் ஆன டயர் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து, அந்தக் குவியலிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே தூரம் கூடும். கரடுமுரடான இறக்கத்தில் இறங்கும்போது வண்டி நிற்கவே மாட்டேன் என்பது போலத் தோன்றும். மண் பாதைக்கென்றே செய்த வண்டிகள் பலவற்றில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி வைத்திருப்பது அதனால்தான். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்ட பாதையில் என்றால், அணைக்க முடிகிற மாடலைப் பாருங்கள். தார் சாலையில் திரும்பப் போட மறக்காதீர்கள்.

விபத்துக் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டுத் துறையின் ஆதரவில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்கிற ஆய்வு அமைப்பு, ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ள வண்டிகளையும் இல்லாத வண்டிகளையும் ஒப்பிட்டது. ஏபிஎஸ் உள்ளவற்றில் உயிர்போகும் விபத்துகளின் விகிதம் 22 சதவீதம் குறைவு என்று 2021-ல் சொன்னது. ஏபிஎஸ் கேட்டு வாங்குகிறவர் இயல்பிலேயே கொஞ்சம் ஜாக்கிரதையானவராக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கழித்தாலும், ஒரு பாகம் செய்கிற வேலைக்கு இது பெரிய வித்தியாசம்.

இனி, ஒரு சக்கரமா இரண்டா? முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே பெரிய ஆபத்து அகன்றுவிடுகிறது. கையில் அவ்வளவுதான் காசு என்றால் மனக்குறை இல்லாமல் அதை வாங்கலாம். ஆனால் பதறும்போது உங்கள் கால் முந்திக்கொள்ளும் என்றால், பின் சக்கரமும் காப்பில் இருப்பது நல்லது. பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி கோணலாகச் சறுக்கும்போது பயந்து காலை எடுத்தால், டயர் திடீரென்று பிடித்து வண்டி நிமிர்ந்து ஆளைத் தூக்கி எறியும். ரொம்ப மோசமான விழுதல்களில் அது ஒன்று. அப்புறம், சிபிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏபிஎஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது.

வளைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வில் டயரின் பிடிமானத்தில் ஒரு பங்கு வண்டியைத் திருப்பவே போய்விடுகிறது, மிச்சம்தான் பிரேக்குக்கு. சாய்வை அளந்து அதற்கேற்ப பிரேக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, 2014 மாடலாக வந்த கேடிஎம் 1190 அட்வெஞ்சருக்குப் பிறகு பெரிய வண்டிகளில் பரவியிருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் அது இல்லாவிட்டால், வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்கும் பழைய பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தடதடவென்று கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால் என்ஜினே பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதையும் ஏபிஎஸ் விடுவிக்காது. தேய்ந்த டயருக்கும் அதனிடம் மருந்து இல்லை.

பராமரிப்பு அதிகம் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நாளாக ஆக வால்வுகளை அரிக்கும். பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டியைக் கழுவும்போது சென்சாரிலும் பல் வளையத்திலும் அப்பிய சேற்றை எடுத்துவிடுங்கள். சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி கொஞ்சம் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் பிடிக்கும் என்பதால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

வண்டி கைக்கு வந்து, புது டயரின் வழவழப்பு போக நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஆள் இல்லாத அகலமான தளத்துக்குப் போங்கள். ஹெல்மெட், கையுறை, கெட்டியான சட்டை, ஷூ எல்லாம் வேண்டும். வண்டி நிமிர்ந்து நேராகப் போகிறபடி 30-ல் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்தால் முதலில் பின் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். பெடல் காலடியில் துடிக்கும். பிறகு முன் பிரேக். லீவரை வெடுக்கென்று பிடிக்காமல், ஈரத் துணியைப் பிழிவது போல வேகமாக இறுக்கிக்கொண்டே போங்கள். விரலுக்கடியில் லீவர் படபடக்கும்போது ஏதோ கெட்டுவிட்டது என்று கை தானாகத் தளரப் பார்க்கும். முதல் நான்கைந்து தடவை எல்லோருக்கும் தளர்கிறது. வண்டி முழுதாக நிற்கும் வரை கை விடாமல் இருக்கிற தடவை வந்த பிறகு 40-க்கும் 50-க்கும் போங்கள். தளத்தை நனைத்துக்கொண்டு மறுபடி 30-லிருந்து ஆரம்பியுங்கள்.