மார்ச்சை நம்பி விதைக்காதீர்கள்: பண்ணை வீட்டுக் கேள்வி பதில்

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடகிழக்கே 22 ஏக்கர் காணியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். நானும் அவரும் இரண்டு பிள்ளைகளும், ஒன்பது ஆடு, முப்பதுக்குக் கிட்டக் கோழி, பூனைகள் எத்தனை என்று கேட்காதீர்கள். குளிர் முடியும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டதால், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரே இருப்பில் பதில் எழுதுகிறேன் என்றேன். முற்றத்து அடுப்பில் மேப்பிள் மரத்து நீர் பாணியாக (சிரப்பாக) வற்றக் கொதிக்கிறது, அதற்குக் காவல் இருந்தபடிதான் எழுதுகிறேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது.

அக்கா, போன இலையுதிர் காலத்தில்தான் காணி வாங்கினோம். மார்ச் பிறந்துவிட்டது. முதலில் எதைத் தொடங்குவது? (லிண்ட்சேயிலிருந்து)

தொடங்க வேண்டாம் தம்பி, முதலில் எண்ணுங்கள். கொட்டிலில் எத்தனை கட்டுக் காய்ந்த புல் மிச்சம், எவ்வளவு விறகு மிச்சம். இங்கே பழைய விவசாயிகள் பெப்ரவரி 2ஆம் தேதி பாதிப் புல்லும் பாதி விறகும் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். முதல் வருடம் எனக்கு அது கிழவர்களின் பேச்சாகத்தான் பட்டது. ஏப்ரல் நடுவில் புல் தீர்ந்துபோய், வெளியே பனி உருகிச் சேறும் பழுப்புமாகக் கிடக்க, ஆடுகள் என் முகத்தைப் பார்த்துக் கத்தியபோது புரிந்தது. ஆடு மேய்கிற அளவுக்குப் புல் வளர எங்கள் பக்கம் மே நடுப்பகுதி ஆகிவிடும். ஆக, வருடத்திலேயே பஞ்சமான காலம் டிசம்பர் அல்ல, ஏப்ரல்.

இன்னொன்று, பனி உருகும்போது நிலம் இளகுவதால் மார்ச், ஏப்ரலில் கிராமத்துத் தெருக்கள் பலவற்றில் பார ஊர்திகள் ஏற்றும் எடைக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். சரளைக்கல்லோ பெரிய லோடு புல்லோ வேண்டுமென்றால் அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

மேப்பிள் பாணி வீட்டிலேயே காய்ச்சலாமா? எப்போது மரத்தில் துளை போடுவது? (இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்)

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த வேலை.

தேதி பார்க்காதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள். இரவில் மைனஸ் 5 பாகை செல்சியஸ் அளவுக்கு உறைந்து பகலில் பிளஸ் 5 அளவுக்கு ஏற வேண்டும். இரவில் உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உள்ளே இழுக்கும், பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் கூடித் துளை வழியே சொட்டும். தொடர்ந்து குளிர் என்றாலும் வராது, தொடர்ந்து வெயில் என்றாலும் வராது. எங்களுக்குப் பெரும்பாலும் பெப்ரவரி கடைசி தொடங்கி ஏப்ரல் முதல் பாதிக்குள் முடிந்துவிடும்.

மரம் நெஞ்சு உயரத்தில் குறைந்தது 25 முதல் 30 சென்டிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும், அந்த அளவு மரத்துக்கு ஒரே ஒரு துளை. 8 மில்லிமீட்டர் அகலம், நாலு சென்டிமீட்டர் ஆழம், நீர் வெளியே வடியத் துளையின் வாய்ப்பக்கம் லேசாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். போன வருடத் துளைக்கு நேர் மேலேயோ கீழேயோ போடாதீர்கள், அந்த இடத்து மரம் செத்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கருப்பணி (பதநீர்) காய்ச்சிப் பனங்கட்டி வார்த்ததைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல, ஆனால் பொறுமை பல மடங்கு வேண்டும். மேப்பிள் நீரில் இனிப்பு 2 சதவீதம் அளவுதான், குடித்துப் பார்த்தால் வெறும் தண்ணீர் என்றே நினைப்பீர்கள். 40 லீட்டர் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி. மற்ற 39 லீட்டரும் ஆவியாக எங்கோ போக வேண்டும் அல்லவா? முதல் வருடம் எங்கள் குசினிச் சுவருக்குத்தான் போனது. வால்பேப்பர் உரிந்து தொங்கியது, அலுமாரிக் கதவுகள் ஒட்டின. தயவுசெய்து வெளியே காய்ச்சுங்கள். கடைசி அரை மணி நேரத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

பதம்: தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை கூட. 104 என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். காய்ச்சும் நாளில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து அதிலிருந்து கணக்குப் போடுங்கள். பொங்கி வந்தால் சின்னத் துண்டு பட்டர் போட்டால் அடங்கிவிடும். (இதை எழுதும்போதே பொங்கிவிட்டது, ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.)

மொட்டு வீங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், அதற்குப் பிறகு வரும் நீரில் ஒரு கெட்ட வாடை இருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன் தெருவில் மேப்பிள் நிற்கிறது, அதில் எடுக்கலாமா?

தெருவோர மரம் நகரசபையின் மரம். கைவைக்காதீர்கள்.

மிளகாயும் கத்தரியும் வீட்டுக்குள் போட்டேன், எல்லாம் நூல் மாதிரி நீண்டு சரிகின்றன. என்ன பிழை?

வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். மார்ச் மாத யன்னல் வெயில் நமக்குத்தான் பிரகாசம், நாற்றுக்குப் போதாது. சாதாரண எல்இடி குழாய் விளக்குப் போதும், ஆனால் நாற்றின் தலைக்கு மேல் நாலைந்து அங்குலத்தில் தொங்க வேண்டும், வளர வளர உயர்த்த வேண்டும், ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். முளைக்கும் வரை சூடு, முளைத்த பிறகு வெளிச்சம், அப்போது சூட்டைக் கொஞ்சம் குறைக்கவும் வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மிளகாய், கத்தரி இரண்டையும் கடைசி உறைபனிக்கு 8 முதல் 10 கிழமைக்கு (வாரத்துக்கு) முன் போடுவேன், தக்காளி 6 முதல் 8. தக்காளியைப் பெப்ரவரியில் போட்டுவிட்டு மே மாதத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காடு வளர்த்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான். நாற்றுகள் மண் மட்டத்தில் கறுத்து மடிந்து விழுந்தால் அது பூஞ்சணம். தண்ணீரைக் குறைத்து, சின்ன மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

முதல்முறை ஆடு குட்டி போடப் போகிறது. பயமாக இருக்கிறது.

பயம் நல்லது, இரவில் எழும்பிப் போய்ப் பார்க்க வைக்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள் அளவு, ஆகவே நவம்பர் தொடக்கத்தில் கிடா சேர்ந்திருந்தால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். வால் அடியில் இரண்டு பக்கமும் பென்சில் மாதிரித் தட்டுப்படும் தசைநார் கைக்கு அகப்படாமல் இளகிவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும்.

பெரும்பாலும் நீங்கள் சும்மா நிற்பதுதான் வேலை. குட்டியின் மூக்கைத் துடையுங்கள், தொப்புள் கொடியை அயோடினில் தோயுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனதா என்று பாருங்கள். ஒரு வருடம் மைனஸ் 20 இரவில் மூன்றாவது குட்டி நான் போவதற்குள் விறைத்துக் கிடந்தது. பதற்றத்தில் உடனே பால் புகட்டத்தான் கை போகும், அது கூடாது. வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள், உள்ளே குளிர்ந்திருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், பிறகுதான் பால். சூட்டு விளக்கைச் சும்மா கயிற்றில் தொங்கவிடாதீர்கள், வைக்கோல் கொட்டில் அது. தடுப்பூசி, செலினியம் என்ற தாதுச் சத்து இரண்டையும் குட்டி போடுவதற்கு முன்பே மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்ராறியோ மண்ணில் செலினியம் குறைவு, அந்தக் குறை குட்டியின் தசையில் தெரியும்.

கோழிக்குஞ்சு எப்போது வாங்குவது?

குஞ்சை வைத்திருக்கும் இடத்தில் முதல் கிழமை 35 பாகை வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகை அளவு குறைக்கலாம். அப்படிப் பார்த்தால் ஏப்ரல் கடைசியில் எடுத்தால் மின்சாரச் செலவு குறையும். மார்ச்சில் கடைகளில் கீச்சுக் கீச்சென்று கத்தும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் இந்த நாட்களில் கலங்கி வருகிறது.

பனி உருகிய நீர் உள்ளே இறங்குகிறது. கிணற்று மூடியையும் சுற்றியுள்ள மண் சரிவையும் பாருங்கள், பொதுச் சுகாதார அலுவலகத்தில் சோதனைப் போத்தல் வாங்கி மாதிரி கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

மே தொடக்கத்திலேயே நல்ல வெயில் அடிக்கிறதே, ஏன் எல்லோரும் மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா தின விடுமுறை வரை நடாமல் இருக்கிறார்கள்?

ஊரில் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இங்கே வைகாசியிலும் பனி வந்து தக்காளியைத் துளைக்கும். ஒரு வருடம் மே 9, பத்து நாளாக 20 பாகைக்கு மேல், அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல 60 கன்று நட்டேன். மூன்றாம் நாள் காலை எல்லாம் அவித்த கீரை மாதிரிக் கிடந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனால் எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். பட்டாணி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி எல்லாம் ஏப்ரலிலேயே போடலாம். மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள், விரலால் தட்டினால் உதிர வேண்டும். களி உருண்டையாகவே நின்றால் கொத்தாதீர்கள், கொத்தினால் அந்த வருடம் முழுக்கச் செங்கல்லில்தான் விவசாயம். நாற்றுகளை நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் போதும்.

வெண்டி, பாகல், முருங்கை?

வெண்டியும் பாகலும் ஜூன் தொடக்கம், மண் 18 பாகை தாண்டிய பிறகு. வெண்டிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது, நேரடியாகவே ஊன்றுங்கள். பாகல் விதை ஓட்டை நகவெட்டியால் லேசாக நறுக்கி ஒரு இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். முருங்கையைத் தொட்டியில் வைத்துக் கீரைக்காக மட்டும் வளர்க்கலாம். நிலத்தில் நட்டால் குளிருக்குத் தப்பாது, காய்க்கு ஆசைப்படாதீர்கள். என்னுடையது மூன்று வருடமாக வரவேற்பறை மூலையில் நிற்கிறது, குளிர்காலம் முழுக்க இலை கொட்டுகிறது, மாமியார் தினமும் அதனிடம் பேசுகிறார்.