வீணைக்கு சானிடைசர் அடிக்காதீங்க அக்கா, பாட்டு கிளாஸ மாடிக்கு மாத்துங்க

வணக்கம் அக்கா, பத்துக்குப் பன்னெண்டு ஏசி ரூம்ல எட்டு புள்ளைங்களுக்கு பாட்டு, நாலு பேருக்கு வீணை, ரெண்டு பேருக்கு புல்லாங்குழல், கொரோனாவால நிறுத்தின கிளாஸ மறுபடி ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வீணைய மட்டும் முதல்ல ஆரம்பிங்க, மாஸ்க் போட்டுட்டே வாசிக்கலாம். பாட்டு அந்த ரூம்ல வேண்டவே வேண்டாம். 2020 மார்ச் 10 அன்னிக்கு அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கோரஸ் குழு ரெண்டரை மணி நேரம் ரிகர்சல் பண்ணாங்க, வந்தது 61 பேர், அதுல 53 பேருக்கு கொரோனா வந்துருச்சு, ரெண்டு பேர் இறந்தே போயிட்டாங்க. வாசல்ல சானிடைசர் குடுத்துத்தான் உள்ள விட்டாங்க, ஆனா பாடும்போது வாயிலேந்து வர்ற நுண்துளி மூடின ரூம்ல காத்துலயே நிக்கும், அதுக்கு கை சுத்தம் மட்டும் பத்தாது.

அதனால மொட்டை மாடி இருந்தா சாயங்காலம் வெயில் எறங்கினதும் மூணு மூணு பேரா, எல்லாரும் ஒரே பக்கம் பாத்து தள்ளித் தள்ளி உக்காந்து, அரை மணி நேரம் போதும், சுருதியக் கொஞ்சம் எறக்கி மெதுவா பாடச் சொல்லுங்க. புல்லாங்குழலும் மாடியிலதான், அவங்கவங்க குழல் அவங்கவங்களுக்கு, ஊதிக் காட்டக்கூட மாத்தி வாங்காதீங்க.

வீணை மேல சானிடைசர் ஸ்ப்ரே அடிக்கலாமான்னு கேட்டீங்களே, தயவுசெஞ்சு வேண்டாம்க்கா, பாலிஷ் வெளுத்துரும், தந்திக்கு அடியில குறுக்க இருக்கிற 24 மெட்டும் உக்காந்திருக்கிறது மெழுகுலதான், அதுல ஈரமே படக்கூடாது. வீணைக்குப் பதிலா கையக் கழுவ வைங்க, வாசிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்பு போட்டு, நல்லாத் தொடச்சுட்டு. ரூம்ல ஏசிய நிறுத்தி ஜன்னல் ரெண்டையும் தொறந்து வைங்க, ஒரு பேட்ச் போனப்புறம் கால் மணி நேரம் விட்டு அடுத்தவங்கள கூப்பிடுங்க. வீட்ல தாத்தா பாட்டி இருக்கிற புள்ளைங்க ஆன்லைன்லயே தொடரட்டும், பீஸ் விஷயத்துல அவங்கள நெருக்காதீங்க.